வீட்டை எழுதும் முன் அப்பாவின் பென்ஷன் புத்தகத்தை எடுங்கள்

கேள்வி: நாங்கள் தங்கச்சிமடம், ஆர்.சி. கிறிஸ்தவர்கள். அப்பா ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து, கடைசி வருடங்களில் பாம்பன் பாலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 73. போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சரியாக வரவில்லை, ஆனால் பேச்சும் நினைவும் தெளிவு. அம்மாவுக்கு 67. அண்ணன் விசைப்படகு வைத்திருக்கிறார். என்னை மண்டபத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். தம்பிக்கு 32 வயது, பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. குளிப்பான், சாப்பிடுவான், காசு எண்ணத் தெரியாது. அப்பா பெயரில் வீடும் 20 சென்ட் தென்னந்தோப்பும் இருக்கின்றன. "வீட்டை என் பேரில் எழுதிக்கொடுங்கள், தம்பியைக் கடைசி வரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் அண்ணன். படகுக்கு எஞ்சின் மாற்ற பேங்க் கடன் வேண்டுமாம், மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் பத்திரம் முடிய வேண்டுமாம். எனக்குச் சொத்து எதுவும் வேண்டாம், தம்பி தெருவில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அப்பா எழுதிக்கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போது வேண்டாம். அண்ணன் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை, அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவராகவே இருக்கட்டும். அப்படி வைத்துக்கொண்டாலும் வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அவற்றைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் கடிதத்தில் வீடு வருகிறது, தோப்பு வருகிறது, படகு, எஞ்சின், தடைக்காலம் எல்லாம் வருகின்றன, அப்பாவின் பென்ஷன் மட்டும் வரவே இல்லை. தம்பியின் பிற்காலத்துக்கு உங்கள் குடும்பத்தில் இருக்கும் பெரிய சொத்து அந்த வீடு இல்லை, அந்தப் பென்ஷன்தான்.

அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும், இது எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்குப் பிறகு, சம்பாதித்துப் பிழைக்க முடியாத அளவுக்குக் குறைபாடு உள்ள பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கு வயது எத்தனை ஆனாலும் அது ஆயுள் முழுக்க வரும். இது பலருக்குத் தெரியாது. சாதாரணமாகப் பிள்ளைகளுக்கு 25 வயதோடு நின்றுவிடும், இந்தப் பிள்ளைக்கு நிற்காது. எவ்வளவு வரும் என்று கேட்பீர்கள். இப்போதைய விதிப்படி குடும்ப ஓய்வூதியம் மாதம் 9,000 ரூபாய்க்குக் கீழே போகாது, அதற்கு மேல் அகவிலைப்படி. அகவிலைப்படியை விட்டுவிட்டு வெறும் 9,000 என்று வைத்தாலே வருடத்துக்கு 1,08,000. தம்பி அதை ஒரு முப்பது வருடம் வாங்கினால் 32 லட்சத்து 40 ஆயிரம். யாரும் அடமானம் வைக்க முடியாத, ஏலம் போகாத, புயலில் சாயாத காசு. எந்த அண்ணன் தங்கையும் "எனக்கும் பங்கு" என்று கேட்க முடியாத காசும் கூட.

ஆனால் அது தானாக வராது. அப்பா இருக்கும்போதே காகிதத்தைச் சரி செய்து வைக்காத குடும்பங்கள் அம்மாவும் போன பிறகு என்னிடம் வருவார்கள். அப்போது குறைபாடு எப்போதிருந்து இருக்கிறது என்று நிரூபிக்கப் பழைய பள்ளிக்கூடச் சான்று தேடி, ஞானஸ்நானப் பதிவேடு தேடி, ஆஸ்பத்திரிச் சீட்டு தேடி அலைவோம். மாதங்கள் போகும், சமயத்தில் வருடங்களும் போகும். அதுவரை அந்தப் பிள்ளைக்கு யார் சோறு போடுவது? ஒருவர் கதை சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பென்ஷன் தாளில் மகள் பெயரே இல்லை, கேட்டால் "அவளை எதுக்குக் கவர்ன்மென்ட்டுக்குக் காட்டணும்னு விட்டுட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னாராம். வெட்கம்தான் காரணம். அந்த வெட்கத்துக்கு அந்தப் பெண் கொடுத்த விலையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, அப்பாவின் பி.பி.ஓ.வை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பென்ஷன் புத்தகம் என்று வீட்டில் சொல்வீர்களே, அதுதான். அதில் குடும்ப விவரத்தில் தம்பி பெயர் இருக்கிறதா? இருந்தால், பெயருக்கு எதிரே மாற்றுத்திறனாளி என்ற குறிப்பு இருக்கிறதா? இல்லையென்றால் மதுரையில் இருக்கும் ரயில்வே கோட்டப் பணியாளர் அலுவலகத்துக்கு அப்பா பெயரில் மனு போக வேண்டும், நிரந்தரக் குறைபாடுள்ள பிள்ளையின் பெயரை என் காலத்திலேயே ஓய்வூதிய ஆணையில் சேர்த்துத் தாருங்கள் என்று. அப்படிச் சேர்க்க விதியில் இடம் இருக்கிறது. அப்பாவால் மதுரைக்குப் போக முடியாது என்று கவலைப்பட வேண்டாம், மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். தம்பி பெயர் ரயில்வே மருத்துவ அட்டையில் இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

மனுவோடு வைக்க ஊனச் சான்று வேண்டும். தம்பிக்கு எடுத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, எடுக்கவில்லை என்றே நினைத்துக்கொள்கிறேன். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதனை செய்து, எத்தனை சதவீதம் என்று எழுதித் தருவார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் சட்டப்படியான பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். அதில் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: "நிரந்தரம்". தற்காலிகம் என்று போட்டுவிட்டால் குடும்ப ஓய்வூதியத்துக்கு 5 வருடத்துக்கு ஒரு தடவை சான்று புதுப்பித்துக் காட்ட வேண்டி வரும், 60 வயதில் தம்பியை யார் கூட்டிக்கொண்டு போவது? பிறவியிலிருந்து என்று தெரிகிற பழைய சீட்டு எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். பரிசோதனை அன்று அவனைப் புதுச்சட்டை போட்டு, "டாக்டர் கேட்டா இப்படிச் சொல்லு" என்று பாடம் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். தாய்மார்கள் இதைப் பாசத்தில் செய்வார்கள், சதவீதம் குறைந்துவிடும்.

சான்று கையில் வந்ததும் தனித்துவ அடையாள அட்டை வாங்கலாம், அதை வைத்துக் கலெக்டர் ஆபீசில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய். நிராமயா என்ற மத்திய அரசுக் காப்பீடும் இருக்கிறது, வருடத்துக்கு 1 லட்சம் வரை, முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கேட்காது. இவை சின்ன விஷயங்கள்தான், அந்த அலுவலகத்திலேயே விவரம் சொல்வார்கள், நான் இங்கே நீட்டவில்லை.

நீட்ட வேண்டியது பாதுகாவலர் விஷயம். தம்பிக்கு 18 வயது முடிந்த அன்றே சட்டத்தின் கண்ணில் அவன் மேஜர். அம்மா அப்பா அவனுக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை அன்றோடு போய்விட்டது, வீட்டில் யாருக்கும் இது உறைப்பதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இவனைப் போன்றவர்களுக்காகவே வந்தது. மன இறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும். அதன்படி கலெக்டர் தலைமையில் உள்ளூர் நிலைக் குழு ஒன்று இருக்கும். பெற்றோரோ உறவினரோ தங்களுக்கு நம்பிக்கையான ஒருவரைப் பாதுகாவலராகப் போடச் சொல்லி அதற்கு மனுக் கொடுக்கலாம், கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. அந்தச் சான்றைக் காட்டினால் பேங்க் தம்பி பெயரில் கணக்குத் திறக்கும், பின்னாளில் குடும்ப ஓய்வூதியமும் அந்தக் கணக்கில்தான் வந்து விழும். பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் தம்பியின் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு காட்டும் கடமை இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்த அம்சம்.

யாரைப் போடுவது? என்னைக் கேட்டால் உங்களை. வீட்டைத் தன் பெயருக்குக் கேட்கிறவரும் பாதுகாவலரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது என் அனுபவம். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. தம்பிக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் தன் பையிலிருந்து போவதுபோல ஒருவருக்குத் தோன்றும் இடத்தில் அவரை நிறுத்துவானேன்?

சரி, இப்போது வீடு.

செட்டில்மென்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் பத்திரம், எழுதினால் அன்றைக்கே வீடு அண்ணனுடையது. அப்பா மனம் மாறினார் என்பதற்காகத் திரும்ப வாங்க முடியாது. பத்திரத்தில் இல்லாத வாய்வார்த்தைக்குப் பின்னால் கோர்ட்டில் எடை கிடையாது. "2007-ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்திருக்கிறதே, பார்க்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாமே" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான், அதன் 23-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது, ராமநாதபுரம் கோட்டாட்சியரிடமே மனுக் கொடுக்கலாம். ஆனால் பராமரிப்பேன் என்ற நிபந்தனையின் மேல்தான் எழுதிக்கொடுத்தார் என்று காட்ட வேண்டும். 2022-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கறாராகச் சொன்னது, 2025-ல் வந்த இன்னொரு தீர்ப்பு முதியவர்கள் பக்கம் கொஞ்சம் இளகிப் பேசியது. எப்படி இருந்தாலும் அந்தச் சட்டம் 60 வயது தாண்டிய உங்கள் பெற்றோருக்கான கவசம். அவர்கள் போன பிறகு 40 வயதுத் தம்பி அதை எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. நீங்கள் பயப்படுவது அந்தக் காலத்தை நினைத்துத்தானே?

இன்னொன்று, சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் கடலுக்குப் போகிறவர் குடும்பத்துக்கு இதைச் சொல்லாமல் விடக் கூடாது. வீடு அண்ணன் பெயரில் ஆன பிறகு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கிறிஸ்தவர்களுக்கான வாரிசுரிமைப்படி, உயில் எழுதாமல் அவர் இறந்தால் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அண்ணிக்கு, மீதி அவர் பிள்ளைகளுக்கு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு செங்கல் கூடக் கிடையாது. தான் கட்டிய வீட்டில் அப்பா மருமகளின் தயவில் இருக்க வேண்டும். பார்த்துக்கொள்வேன் என்று சொன்ன சொல் அண்ணனோடு போய்விடும், அண்ணியோ பிள்ளைகளோ அப்படி எதுவும் சொல்லவில்லையே.

அப்புறம் கடன். வீட்டை வைத்து வாங்கிய கடன் தவணை தவறினால், 2002-ஆம் ஆண்டு வந்த சர்ஃபேசி சட்டப்படி வழக்குப் போடாமலே பேங்க் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். உள்ளே யார் படுத்திருக்கிறார், அவருக்குக் காசு எண்ணத் தெரியுமா என்றெல்லாம் பார்க்காது. விசைப்படகுத் தொழில் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று தங்கச்சிமடத்துக்காரிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 61 நாள் தடைக்காலம், டீசல், அதெல்லாம் போக ஒரு ராத்திரியில் படகு இலங்கைப் பக்கம் பிடிபட்டால் திரும்பி வருமா என்பதே நிச்சயமில்லை. படகு போனாலும் தவணை நிற்காது. அந்த ஆபத்தைத் தம்பி படுத்திருக்கும் கூரையின் மேல் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான் என் வாதம். அதே காரணத்துக்காக, அப்பாவே வீட்டை அடமானமாகக் கொடுத்து அண்ணனுக்குக் கடன் வாங்கித் தருவதும் வேண்டாம்.

அப்படியானால் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது. அப்பா எழுதாமல் போனால் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, மீதியில் நீங்கள் மூவரும் சமம், ஆளுக்கு ஒன்பதில் இரண்டு பங்கு. தம்பி பங்கை விற்கவோ, மற்றவருக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதவோ அவனால் கையெழுத்துப் போட முடியாது. வீடு ஒருத்தருக்கும் உதவாமல் முடங்கிக் கிடக்கும்.

உயில் எழுதச் சொல்லுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு செய்வதும் கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள். அப்பா உயிரோடு இருக்கும் வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியது நிற்கும். உங்கள் வீட்டுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: அப்பாவுக்குப் பிறகு அம்மா ஆயுள்பரியந்தம் அனுபவிக்க வேண்டியது, அம்மாவுக்குப் பிறகு தம்பி ஆயுள் முழுக்க அதில் குடியிருக்க வேண்டியது, அதுவரை யாரும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, தம்பிக்குப் பிறகு அண்ணனும் நீங்களும் சம பாகமாக எடுத்துக்கொள்ள வேண்டியது. உங்கள் பாகம் உங்களுக்கு வேண்டாம் என்றால் அப்போது அண்ணன் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுங்கள், இப்போதே பெருந்தன்மையைக் காட்டி முழுவதையும் ஒரே கையில் கொடுக்க வேண்டாம். உங்கள் பெயர் அதில் இருக்கும் வரை விற்கத் துணிகிறவர் உங்களிடம் வந்து கேட்டாக வேண்டும், அதற்காகத்தான்.

வீட்டைத் தம்பி பெயருக்கே எழுதிவிடலாமே என்று அம்மா கேட்பார்கள். வேண்டாம். கையெழுத்துப் போடத் தெரியாதவன் பெயரில் சொத்து இருந்தால் கூரை மாற்றக் கடன் வாங்குவது கூடச் சிக்கல். குடும்ப ஓய்வூதியத்துக்கு ஒரு வருமான வரம்பும் இருக்கிறது. தம்பியின் சொந்த வருமானம், அவனுக்கு வர வேண்டிய சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியத்தை, அதாவது அப்பாவின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை, எட்டக் கூடாது. 20 சென்ட் தோப்பின் தேங்காய் அந்த அளவை எட்டாது. நாளைக்கு யாராவது அந்த வீட்டை ராமேஸ்வரம் வரும் யாத்திரைக்காரர்களுக்கு நாலு ரூமாக மாற்றி வாடகை தம்பி பெயரில் வந்தால் எட்டிவிடும், அப்போது பென்ஷன் போய்விடும்.

உயிலில் இரண்டு சாட்சிகள் வேண்டும். உங்கள் கணவர் சாட்சிக் கையெழுத்துப் போடவே கூடாது. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில், சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ உயிலில் கொடுத்தது செல்லாது என்று 67-ஆம் பிரிவு இருக்கிறது. உயில் நிற்கும், உங்களுக்குக் கொடுத்தது மட்டும் விழுந்துவிடும். நல்ல மனதோடு "மாப்பிள்ளை, ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று கூப்பிட்டு மகளின் பங்கையே அழித்த வீடுகள் உண்டு. பங்கில் சம்பந்தம் இல்லாத, அப்பாவை விட வயது குறைந்த இரண்டு பேரைப் பிடியுங்கள். அப்பாவுக்கு வலது கை வராது என்றால் இடது கைப் பெருவிரல் ரேகை போதும். அன்றைக்கே ஒரு டாக்டரிடம் "நினைவு தெளிவாக இருக்கிறது" என்று எழுதி வாங்கி உயிலோடு வையுங்கள். பக்கவாதம் வந்தவர் உயிலை உடைக்க வருகிற வக்கீலின் முதல் கேள்வி அதுதான், நானும் அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். சார்பதிவாளர் அலுவலகப் படி ஏற முடியாதென்றால், உடல்நிலையைக் காட்டி மனுக் கொடுத்தால் பதிவு அதிகாரி வீட்டுக்கே வருவார்.

இதற்கெல்லாம் முன்னால் வீட்டுக்குப் பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். உங்கள் ராமேஸ்வரம் தீவில் பல வீடுகள் புறம்போக்கில்தான் நிற்கின்றன. அப்படியிருந்தால் கதையே வேறு, எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அண்ணனை வெறுங்கையோடு அனுப்பச் சொல்லவில்லை. தோப்பை அவருக்கு இப்போதே செட்டில்மென்டாக எழுதிக்கொடுக்கலாம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத்தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. தோப்பை வைத்து எஞ்சின் கடன் கிடைக்கிறதா என்று அவர் பேங்கில் கேட்கட்டும். கேட்ட தொகை முழுக்க வராமல் போகலாம். போனாலும், தொழிலில் இழப்பு வந்தால் அது தென்னையோடு நிற்கும்.

பவர், அதாவது தனக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம், எழுதிக்கொடுத்தால் போதுமே என்று பத்திரம் எழுதுகிறவர் சொன்னால் கேட்காதீர்கள், எழுதியவர் இறந்தாலோ நினைவு தப்பினாலோ பவர் செத்துவிடும். சரியாக நமக்குத் தேவைப்படும் நேரத்தில் அது இருக்காது.

இனி காகிதத்தில் வராத பகுதி. தம்பியைக் குளிக்கச் சொல்லி, சோறு வைத்து, ராத்திரி கதவைத் தாழ் போடுவது இப்போது அம்மா. அதே அம்மாதான் அப்பாவையும் புரட்டிப் படுக்க வைக்கிறார். 67 வயதில் இரண்டு பேரை ஒருவர் தூக்குகிறார், முதலில் ஒடியப் போவது அங்கேதான், நீங்கள் வயதைத் தவிர அம்மாவைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை. அப்பாவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கு வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். மாதத்தில் ஒரு வாரம் தம்பி உங்கள் வீட்டில் இருக்கட்டும். அம்மாவுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும் என்பது ஒன்று, அம்மா இல்லாத வீட்டில் தூங்க அவன் பழக வேண்டும் என்பது இன்னொன்று. அம்மா இறந்த அன்றைக்கு அவனை முதல் தடவையாக இடம் மாற்றாதீர்கள். உங்கள் கணவரிடமும் இதை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

இல்லங்களைப் பற்றியும் யோசியுங்கள், அது பாவம் இல்லை. தேசிய அறக்கட்டளையின் சமர்த், கரௌண்டா என்ற தங்கும் திட்டங்களில் பெரியவர்கள் ஆயுள் முழுக்கத் தங்கும் இல்லங்கள் உண்டு, கொஞ்ச நாள் மட்டும் விட்டு வைக்கவும் இடம் உண்டு. பக்கத்தில் எது இருக்கிறது என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள், நேரில் போய்ச் சாப்பாட்டு நேரத்தில் பாருங்கள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்துக்கு உயிலில் ஏதாவது எழுத அப்பா விரும்பினால் தாராளமாக எழுதலாம். கிறிஸ்தவர்கள் தர்மத்துக்கு உயில் எழுத முன்பு ஒரு தடை இருந்தது, உச்ச நீதிமன்றம் 2003-ல் அதை நீக்கிவிட்டது. இன்னும் பல பேர் பழைய ஞாபகத்தில் "கோயிலுக்கு எழுத முடியாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அவசரம் என்று பார்த்தால் அப்பாவின் உயிலும் தம்பியின் சான்றும்தான் அவசரம், எஞ்சின் இல்லை. நேரில் வருவதானால் பி.பி.ஓ., பட்டா, வில்லங்கச் சான்று, தம்பியின் ஆதார், ஞானஸ்நானச் சான்று இவற்றின் நகலோடு வாருங்கள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் சொன்னதாக நீங்கள் போய்ச் சொன்னால் அது உங்கள் சூழ்ச்சி என்று ஆகிவிடும், என் வாயால் கேட்டால் என்னோடு சண்டை போடுவார், அது பரவாயில்லை. தம்பிக்குப் பேருந்தில் ஜன்னல் சீட்டு பிடிக்குமென்றால் அவனும் வரட்டும்.